ஒருதரம் மட்டும் கூப்பிட்ட துரை

எங்கள் வீட்டில் உச்சிவேளையில் ஓர் ஆளைக் கூப்பிடுவதென்றால் மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரத்துக்கு யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டாம் தரத்துக்குக் காதை மட்டும் கொடுப்பார்கள். மூன்றாம் தரமும் சத்தம் கேட்டால்தான் "ஓம், வாறன்" என்று பதில் வரும். ஐயா புகையிலைத் தோட்டத்தால் பசியோடு வந்து முற்றத்தில் நின்று அம்மாவை "இஞ்சாரும்" என்று கூப்பிட்டாலும் இதே சட்டம்தான். ஐயாவுக்கும் பொறுமைக்கும் வெகுதூரம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கோபித்து நான் கண்டதில்லை. அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது.

செத்தவர்கள் ஒருதரம்தான் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரிந்த குரலில், வீட்டுப் பெயர் சொல்லி, ஒரே ஒருதரம். அதற்கு ஏன் என்று கேட்டால் அவர்களோடு கூடப் போகவேண்டி வரும். மூன்று தரம் தொண்டை கிழியக் கத்துவது உயிரோடு இருக்கிறவன் செய்கிற வேலை. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. சோறு தின்னப் பழகினதுபோல இதுவும் பழகிவிட்டது.

இந்த வழக்கத்தினால் ஒரு வெள்ளைக்காரத் துரை கிரிக்கெட்டில் அவுட் ஆனார். அந்தத் துரையினால் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. இரண்டாவது யுத்தம் தொடங்க இன்னும் நாலைந்து வருஷம் கிடந்தது.

எங்கள் வீடு உரும்பிராய்க்கு வடக்கே, செம்மண் தறைக்குள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்தின் முடிவில் பனையோலை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தின் மைதானம். வேலி மூலையில், எங்கள் காணியிலும் இல்லாமல் அவர்கள் காணியிலும் இல்லாமல் ஒரு பழங்கிணறு கிடந்தது. அதன் அடியைக் கண்டவர் ஊரில் இல்லை. ஆழத்தில் பாறைக்குள் ஓட்டை இருக்கிறது, கடல் வரைக்கும் போகிறது என்பார்கள். மைதானத்துப் பக்கக் கட்டு இடிந்து முழங்கால் உயரம்தான் மிச்சம். அதற்குள் போன கிரிக்கெட் பந்து ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பந்து மிதக்கும் சாமான்தானே, ஏன் மிதக்கவில்லை என்று நான் கேட்டதற்கு ஐயா, "அது உன்ரை அலுவல் இல்லை, கிணத்தடிக்குப் போகாதை" என்றார்.

போகாதே என்றால் போகிற பிள்ளை நான். கிணற்றுக்குப் பக்கத்தில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது, நாய் நுழைகிற அளவுக்கு. அதன் முன்னால் பூவரசு நிழலில் குந்தியிருந்து பனங்கொட்டைப் பிள்ளைக்குத் தலை சீவுவேன். பொட்டுக்குள்ளால் முழு மைதானமும் தெரியும்.

அம்மாவின் தம்பியை நாங்கள் அம்மான் என்போம். அவர் எங்களோடு இருந்துகொண்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகப் படிப்பித்தார். மெலிந்த ஆள், பயந்த சுபாவம், ஆனால் மட்டையைப் பிடித்தால் நெஞ்சு நிமிரும். கணக்குப் படிப்பித்த வெள்ளைக்காரத் துரைதான் அவரை அந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவர். துரைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நெடிய உருவம். முதல் யுத்தத்தில் பட்ட காயத்தால் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும். கலியாணம் இல்லை. மைதானத்தின் மற்றக் கரையில் சின்ன பங்களா ஒன்றில் தனியே இருந்தார். தமிழ் கதைப்பார், எங்கள் தமிழ் இல்லை, புத்தகத்தை நிமிர்த்தி வைத்ததுபோல ஒரு தமிழ்.

துரை தன் ஊரான இங்கிலாந்தில் பெரிய விளையாட்டு வீரராம் என்று அம்மான் வீட்டில் பெருமை அடித்தார். ஒருநாள் துரையிடம் இரவல் வாங்கி ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தார். அதில் துரை விளையாடின காலத்துப் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அம்மான் தேடித் தேடி வாசித்தார். எல்லாத் துண்டும் இரண்டு வரிதான். இன்னார் நிதானமாக ஆடினார். இன்னாரும் ஓரளவு கைகொடுத்தார். மழையால் ஆட்டம் நின்றது.

"இதுக்குத்தானோ உவ்வளவு எடுப்பு?" என்று ஐயா கேட்டார்.

"அத்தான், அங்கை மாகாண அணியளிலை பெரிய கவுண்டி எண்டும் சின்னக் கவுண்டி எண்டும் இருக்கு. துரை சேர் சின்னக் கவுண்டிக்கு விளையாடினவர். ஒம்பது வருஷம்."

"பெரிய கவுண்டிக்காரர் இவையளைச் சேர்க்க மாட்டினமோ?"

"லேசிலை சேர்க்க மாட்டினம்."

"அப்ப அங்கையும் சாதி கிடக்கெண்டு சொல்லு" என்று ஐயா வெகு திருப்தியாக வெற்றிலையை மடித்தார்.

ஆனால் அம்மான் விடாமல் சொன்ன சங்கதிகள் எனக்குப் பிடித்திருந்தன. துரை அங்கேயும் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். ஆவணி விடுமுறையில்தான் விளையாட நேரம். மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஊர் ஊராகப் போவாராம். பாதிரியார் ஒருவர், சாராய வடிசாலைக்காரன் மகன் ஒருவன், ஒரு டாக்குத்தர், இப்படிப் பதினொருபேர். மைதானத்தில் ஆட்டைத் துரத்திவிட்டு விளையாடுவார்களாம். காசு இல்லை, பேரும் இல்லை. பெரிய கவுண்டியிலிருந்து ஒருநாள் தபால் வரும் என்று ஒன்பது கோடையும் பார்த்திருந்தார். வரவில்லை.

கொப்பியின் கடைசியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பதினொரு வெள்ளைக்காரர், எல்லாரும் வெள்ளை உடுப்பு. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குத்தான் இவ்வளவு பேர் ஒன்றாக வெள்ளை கட்டி நிற்பார்கள். முன்வரிசை ஓரத்தில் துரையின் சாயலில் ஓர் இளந்தாரி இருந்தான். துரைக்கு வராத சிரிப்பு அவனுக்கு வந்திருந்தது.

"ஆர் அம்மான் இது?"

"சேரின்ரை தம்பி. செத்துப்போனார்" என்று கொப்பியை மூடினார்.

அந்த வருஷம் பங்குனியில் பட்டணத்து அணி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வந்தது. நான் பொட்டடியில் இருந்தேன். துரை ஒரு முனையில், அம்மான் மறுமுனையில். நன்றாகத்தான் ஆடினார்கள். வெயில் உச்சிக்கு ஏறினது. துரை பந்தைத் தட்டிவிட்டு "யெஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அம்மான் அசையவில்லை. வேலிக் கதியால்போல நின்றார். துரை ஓடி அவர் பக்கத்துக்கே வந்துவிட்டார். ஒரே முனையில் இரண்டுபேரும், சண்டைபிடித்த சம்பந்திகள் சந்தையில் எதிர்ப்பட்டதுபோல நின்றார்கள். மற்ற முனையில் விக்கெட்டைப் பெயர்த்தெடுத்தாயிற்று. பொடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பேயறைந்தவர்போலப் போனார்.

பின்னேரம் அவர் எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார். ஐயா அவசரமாகக் கதிரை போட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான்.

"ஆசிரியரே, நான் கூப்பிட்டேன். உமக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது சேர்."

"கேட்டும் ஏன் ஓடவில்லை?"

அம்மான் நகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "சொல்லன் தம்பி. மறைச்சு என்ன செய்யப்போறாய்?" என்றாள்.

"உச்சியிலை முதல் கூப்பிட்டுக்கு நாங்கள் ஏன் எண்டு கேக்கிறேல்லை சேர். செத்தவை ஒருக்காத்தான் கூப்பிடுவினம். சின்னனிலையிருந்து பழகிப்போச்சு. மனம் ஓடச் சொன்னது, கால் எழும்பேல்லை."

துரை பரிகசிப்பார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் ஐயா வெட்டிக் கொடுத்த இளநீரைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"செத்தவர் கூப்பிட்டு நாம் பதில் சொன்னால் அவரோடு போகவேண்டும். சரி. நாம் செத்தவரைக் கூப்பிட்டால்?"

அம்மான் ஐயாவைப் பார்த்தார். ஐயா அம்மா நின்ற கதவைப் பார்த்தார்.

"அப்பிடி ஒருத்தரும் கூப்பிட்டதாய்க் கேள்விப்படேல்லை சேர்" என்றார் அம்மான்.

"கூப்பிட்டால் பதில் வருமா?"

அதற்கு எங்களிடம் வழக்கம் ஒன்றும் இருக்கவில்லை. துரை இளநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அன்று அடுக்களையில் அம்மான் அம்மாவுக்கு மீதியைச் சொன்னார். நான் நித்திரைபோலக் கிடந்து கேட்டேன். துரையின் தம்பி துரையைவிடக் கெட்டிக்காரனாம். மட்டை பிடிக்கப் பழக்கியது துரைதானாம். ஒன்பது கோடை துரை பார்த்திருந்த தபால் தம்பிக்கு வந்தது. பெரிய கவுண்டிக்காரர் இரண்டுபேர் அவன் ஆடுவதைப் பார்க்க வந்து குந்தியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனையில். துரை "யெஸ்" என்று கூப்பிட்டார். அண்ணையின் குரல் அல்லவா, தம்பி யோசிக்காமல் ஓடிவந்தான். அரைவாசித் தூரம் வந்த பிறகு துரை தன் காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார். வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, பொறு என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை. தம்பி அவுட். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"வேணுமெண்டே செய்தவரோ?" என்று அம்மா கேட்டாள்.

"தனக்கே தெரியாதாம் அக்கா. இருபது வருஷமாய் யோசிக்கிறாராம், தெரியேல்லையாம். தம்பி ஒரு சொல் கதைக்கேல்லையாம். அடுத்த மாதம் பட்டாளத்துக்குப் போட்டான். போனவன் போனவன்தான். உடம்பும் கிடைக்கேல்லை."

"ஐயோ, அந்தப் பிள்ளை வாய் திறந்து ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். இந்த மனிசனாலை இருக்கவும் ஏலாது, சாகவும் ஏலாது" என்றாள் அம்மா. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெள்ளைக்காரனுக்காக அம்மா அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது.

எனக்குக் கதை போதவில்லை. அடுத்தநாள் அம்மானை நச்சரித்து அந்த விளையாட்டைப் பழகினேன். தென்னைமட்டையை வெட்டித் தந்து, கூப்பிடுகிற முறையைச் சொல்லித்தந்தார். இங்கிலீசில் நான் படித்த முதல் மூன்று சொற்களும் அவைதான்.

"யெஸ் எண்டால் ஓடி வா. நோ எண்டால் வரவேண்டாம். வெயிட் எண்டால் பொறு. விளங்கிச்சோ?"

"பொறுத்து?"

"பொறுத்துப் பாத்துச் சொல்லுவன் எண்டு அர்த்தம்."

அம்மான் சொல்லித்தந்தாரே ஒழிய அவர் மட்டும் மூன்றாம் கூப்பிட்டுக்குத்தான் ஓடினார்.

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. மற்றத் துரைமார் குளிருக்காக மலைநாட்டுக்குப் போய்விட்டார்கள். மைதானம் வெறிச்சென்று கிடந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். கொஞ்ச நேரம் எதற்கும் நிழல் இராது. பனைக்கு இல்லை, வேலிக்கு இல்லை, ஆளுக்கும் இல்லை. காகம்கூடக் கத்தாது. பேய்க்கு நிழல் இல்லை என்று சொல்வார்கள். அந்தச் சித்திரை நாட்களில் உச்சிப்பொழுதுக்கு ஊரே பேய்தான்.

அப்படி ஒரு பொழுதில்தான் முதல்முதல் கண்டேன். மைதானத்தின் நடுவில் துரை வெள்ளை உடுப்போடு, காலுக்குக் கட்டுகிற மெத்தைகளும் கட்டி, மட்டையோடு நின்றார். பந்து போட ஆள் இல்லை. மறுமுனையில் விக்கெட்டில் இன்னொரு மட்டை சாத்தியிருந்தது. அவர் அந்த மட்டையைப் பார்த்து "யெஸ்!" என்று கூப்பிட்டார். ஒருதரம். பிறகு தலையைச் சரித்துக் காது கொடுத்தார். வெகுநேரம். கானல் அவர் முழங்கால்வரை அலைந்தது. பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். எனக்குப் பயம் வரவில்லை. பெரிய ஆட்களும் தனியே விளையாடுவார்கள்போல, என் பனங்கொட்டைப் பிள்ளைக்கும் வாய் இல்லைத்தானே என்று நினைத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு நாளும் மறுமுனை விக்கெட்டை அவர் பிடுங்கிப் பிடுங்கிக் கிணற்றுப் பக்கமாக நகர்த்தி நட்டுக்கொண்டு வந்தார். தன்னுடைய விக்கெட்டையும் அதற்கேற்றபடி நகர்த்தினார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மறுமுனை மட்டை கிணற்றின் இடிந்த கட்டிலேயே சாத்தியிருந்தது. அதற்கும் நான் இருந்த பொட்டுக்கும் நாலு பாகம் தூரம் இராது. மட்டையின் கைப்பிடியில் சுற்றின நூல் நைந்து, உள்ளங்கை வியர்வையால் கறுத்திருந்தது. யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டு வைத்ததுபோல இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மான், "சேரும் மலைநாட்டுக்குப் போறாராம். நாளைக்கு விடியக் கோச்சி. பெட்டியை இண்டைக்கே ஸ்டேசனுக்கு அனுப்பிப்போட்டார். பங்களாவைப் பூட்டித் திறப்பையும் காவல்காரனிட்டைக் குடுத்தாச்சு" என்றார்.

"நல்லது. ஆறுதலாய் இருந்துபோட்டு வரட்டும்" என்றாள் அம்மா.

எனக்குப் பெரிய ஏமாற்றம். அடுத்தநாள் சும்மாதான் பொட்டடிக்குப் போனேன்.

துரை நின்றார்.

அதே வெள்ளை உடுப்பு. காலில் மெத்தை இல்லை. சப்பாத்தைக் கழற்றி இரண்டையும் சோடியாக வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு சப்பாத்துக்குள் வைத்தார். அந்தத் தடித்த கொப்பியை அதற்கு மேலே வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லும் வைத்தார். காற்று ஒரு துளி இல்லை. கோயிலுக்குப் போகிற ஆள்போல வெறுங்காலோடு வந்து தன் முனையில் நின்றார். அவர் கையில் மட்டையும் இல்லை. செம்மண் கொதிக்கிற நேரம், கால் சுடுமே என்று நான் நினைத்தேன்.

அவர் காலடியில் நிழல் இல்லை. கிணற்றுக் கட்டில் சாத்தியிருந்த மட்டைக்கும் நிழல் இல்லை. எங்கள் நாய் எனக்குப் பின்னால் நின்று ஒருதரம் முனகிவிட்டு வாலை ஒடுக்கிக்கொண்டு போய்விட்டது. கிணற்றுக்குள்ளிருந்து ஏதோ அசைந்ததுபோல ஒரு சத்தம் வந்தது, நித்திரையில் ஆள் புரண்டு படுக்கிறதுபோல. துரைக்கும் கேட்டிருக்க வேண்டும். முகம் தெளிந்தது.

"யெஸ்?" என்றார்.

மற்ற நாட்களைப்போலக் கத்தவில்லை. கேட்டார். வீட்டுக்குள் வரலாமா என்று வாசலில் நின்று கேட்பார்களே, அந்தக் குரல். ஒரே ஒருதரம். கேட்டுவிட்டுக் கிணற்றைப் பார்த்தபடி ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு இன்னோர் அடி.

நான் பதில் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், ஒரு வாரமாக ஒருவரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை, எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவுதான். முதல் கூப்பிட்டுக்கு ஏன் என்று கேட்கக்கூடாது என்பது வாயைத் திறக்கும்வரை நினைவில் இல்லை. என் சத்தம் வேலியில் பட்டு, கிணற்றுக்குள் விழுந்து, அங்கிருந்து தடித்த குரலாக எழும்பி வந்தது. எனக்கே என் குரல் என்று தெரியவில்லை.

துரை அந்த இடத்திலேயே நின்றார். தூக்கின கால் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். அதை மெல்லப் பின்னால் வைத்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அப்படியே அந்தக் கொதிக்கிற மண்ணில் நின்றார், நின்றார், காலடியில் விரற்கடை அளவு நிழல் முளைக்கும்வரை நின்றார். பிறகு சப்பாத்தைப் போட்டார். கடிகாரத்தைக் கட்டினார். கொப்பியை எடுத்தார். கிணற்றடிக்கு வராமல், அந்த மட்டையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். மீன்குழம்பின் முன்னால் குந்தியிருந்து ஒரு கவளம் வாயில் வைத்தபடி புதினம் சொன்னேன்.

"அம்மா, துரை கூப்பிட்டவர். நான் பதில் சொன்னனான்."

அம்மான் நிமிர்ந்தார். "எந்தத் துரை?"

"உங்கடை சேர்தான். இப்ப, மைதானத்திலை."

"சேர் விடியவே கோச்சியிலை போட்டாரெல்லே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எத்தினை தரம் கூப்பிட்டது?"

கூப்பிட்டவர் என்று கேட்கவில்லை. கூப்பிட்டது என்று கேட்டாள்.

"ஒருக்கா."

"நிழல் இருந்ததோடி?"

"இல்லை" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

பிறகு நடந்ததைக் கேட்கவேண்டாம். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வைத்த ஒப்பாரிக்கு அயலெல்லாம் திரண்டது. நான் செத்துப்போகப் போகிறேன் என்பது எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தெரிந்த உடனே காய்ச்சல் வந்துவிட்டது. பார்வை பார்க்கிற கிழவர் ஒருவர் வந்து, வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவி, திருநீறு போட்டு, கையில் நூல் கட்டினார். மூன்று நாளும் அம்மா என் பக்கத்தை விட்டு எழும்பவில்லை. என் காலைத் தன் சேலைத் தலைப்பால் கட்டிலோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தாள், நான் எழும்பி நடந்துவிடக்கூடாதாம். ஐயா வாசலில் வெட்டுக்கத்தியோடு குந்தியிருந்தார். பேயை வெட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. நாலாம் நாள் எனக்குப் பசித்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அழுதாள்.

நான் பதில் சொன்னேன் என்பதோடு விசாரணை முடிந்துவிட்டது. என்ன சொன்னாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய்க்கு என்ன சொன்னால் என்ன, சொன்னதுதானே குற்றம்.

விடுமுறை முடிய துரை வந்துவிட்டார். ஒரு நாள் பிந்தி, மற்றக் கோச்சியில் போனதாக அம்மானிடம் சொன்னாராம். அம்மான் அதை வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. நூலை அவிழ்க்கவும் விடவில்லை. துரை வந்த முதல் வேலையாக ஐயாவிடம் கேட்டு, பொடியளைச் சேர்த்துக்கொண்டு, தானும் கல் சுமந்து, அந்தக் கிணற்றைச் சுற்றி நெஞ்சளவுக்குக் கட்டு எழுப்பினார். வேலிப் பொட்டையும் அடைத்துப்போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் உச்சிவேளையில் மைதானத்துக்கு வந்ததில்லை. யுத்தம் தொடங்கமுன் ஊருக்குப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்து மூன்று வருஷத்தின் பிறகு, தலைப்பிள்ளைக்காக நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மானுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. துரை எழுதினதுதான். ஆனால் தான் செத்த பிறகு அனுப்பச் சொல்லி எழுதிவைத்த கடிதம். ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்து, பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கப் பழக்கி, படுக்கையில் நிம்மதியாகப் போயிருக்கிறார். அம்மான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

"'அன்று உமது முற்றத்தில் நான் கேட்ட கேள்விக்கு உம்மிடம் விடை இருக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. உங்கள் கிணற்றடியில் நான் என் தம்பியைக் கூப்பிட்டு, வரட்டுமா என்று கேட்டேன். வருவதற்கு ஆயத்தமாகத்தான் கேட்டேன். அவன் பதில் சொன்னான். நான் அவனுக்குச் சொல்லாமல் விட்ட சொல்லை அவன் எனக்குச் சொன்னான். ஆகையால் பொறுத்திருந்தேன்.'"

அம்மான் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, அண்டைக்கு நீ என்ன சொன்னனீ?"

"வெயிட் எண்டு."

அம்மான் கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கிப் போனார். பேய் என்னைக் கூப்பிட்டது என்று வீடே மூன்று நாள் அழுதது. அன்று கூப்பிட்டது உயிருள்ள மனுஷன். பதில் சொன்ன பேய் நான்.

ஆனால் அம்மானுக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் சொல்லவில்லை, கட்டினவருக்கும் சொல்லவில்லை. அன்று அந்த மனுஷன் வெறுங்காலோடு நின்று கேட்டபோது, பாவம், அவர் மனம் குளிரட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்த சொல் வேறு. எனக்கு நல்ல நினைவிருக்கிறது. நான் "யெஸ்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.